ஐந்து பவுண்டும் இரண்டேகால் கிலோவும்

1

வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பும்போது அறுபது என்றிருந்த சாலைப் பலகை, விடுமுறை முடிந்து செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போகும்போது நூறு என்று நின்றது. கனடாவில் எங்கள் பக்கத்துச் சாலைகளில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்துவிட்டது. அறுபது மைல் என்றால் தொண்ணூற்றாறரை கிலோமீட்டர். மிச்சம் மூன்றரை எங்கிருந்து முளைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். காரில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மச்சினன் ஜோசப் அதற்குச் சிரித்தான்.

எங்கள் கார் பழசு, அதன் முள் மைலில்தான் காட்டும். அதனால் ஒவ்வொரு பலகையைக் கண்டதும் ஐந்தால் பெருக்கி எட்டால் வகுத்துக்கொண்டே ஓட்டினேன். அன்றைக்கு இரண்டு தடவை பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். மறுநாள் காலையில் வண்டியில் ஏறினால், வேகம் காட்டும் கண்ணாடியின்மேல் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள் ஒட்டியிருந்தன. முப்பதுக்கு நேரே ஐம்பது, ஐம்பதுக்கு நேரே எண்பது, அறுபதைக் கொஞ்சம் தாண்டி நூறு. ஜோசப்பின் கைவேலை.

"முள்ளு எந்தச் சீட்டுகிட்ட நிக்குதுன்னு பாத்தா போதும் மாமா. வண்டி ஓட்டும்போது எதுக்குக் கணக்கு?" என்றான்.

நல்ல யோசனை. நல்ல யோசனையாக இருந்ததால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள், சீமையில் இருக்கிறவனுக்கு என்ன குறைச்சல் என்று நினைப்பீர்கள். குறைச்சல் ஒன்றுமில்லை. வீட்டைச் சூடாக்கும் அடுப்பு இருக்கிறது, மனைவி புஷ்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸ், எட்டு வயதில் ரீட்டா என்று ஒரு மகள். எனக்கு இருப்பது பொறாமை. அதற்கு எந்த ஊர் டாக்டரிடமும் மருந்தில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புஷ்பத்தின் தம்பி இங்கே வந்து இறங்கியதிலிருந்து அது முற்றிவிட்டது.

2

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மரக்காணம் உப்பளத்தில் ஒரு குத்தகைக்காரரின் ஆபீஸில் எடைக் குமாஸ்தாவாக இருந்தவன். ஆபீஸ் என்றால் கழுவெளி ஏரியைப் பார்த்த ஒரு தகரக் கொட்டகை. அங்கேயும் எனக்கு இந்த வியாதி உண்டு. எங்கள் பாத்தி உறையும் முன்னே பக்கத்துக் குத்தகைக்காரர் பாத்தியில் வெள்ளை கட்டிவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பாத்தி என்னுடையதும் இல்லை, உப்பு அதிகம் விளைந்தால் எனக்குச் சம்பளம் கூடப்போவதும் இல்லை. இருந்தாலும் இறங்காது.

அறுபதுகளின் தொடக்கத்தில் மணங்கு ஒழிந்து குவிண்டால் வந்தது. உப்பளமே திண்டாடியது. மேஸ்திரி, லாரிக்காரர், வெளியூர் வியாபாரி எல்லோரும் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். மணங்குக்கு முப்பத்தேழு கிலோ முந்நூற்று இருபத்து நாலு கிராம். பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மேல் ஆபீஸுக்குப் போகும் கணக்கில் புள்ளிக்குப் பின்னால் ஒரு எண் பிசகினாலும் காகிதம் திரும்பி வரும். அதனால் எதையும் தோராயமாக எழுதும் பேச்சே எங்களிடம் கிடையாது. ஒருநாள் முதலாளி எல்லோர் முன்னாலும், "அருளப்பன் இல்லன்னா நம்ம உப்பு கணக்குலயே கரைஞ்சு போயிருக்கும்" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் வெகுகாலம் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருக்கிறேன்.

அந்தப் பெருமையோடுதான் பெண் பார்க்கப் போனேன். புஷ்பத்தின் வீடு காலாப்பட்டில். கீழ்புத்துப்பட்டைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை, பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண். காபி வந்ததும் நான் என் குவிண்டால் வித்தையை எடுத்துவிட்டேன். வருங்கால மாமனார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க பக்கம் பிரெஞ்சுக்காரன் காலத்துலயே கிலோதான் தம்பி. நீங்க இப்பதான் வந்து சேர்ந்திருக்கீங்க" என்றார். கல்யாணம் நடந்தது, ஆனால் அந்தக் காபியின் கசப்பு இன்னும் போகவில்லை.

3

கனடாவுக்கு வந்தபோது இங்கே எல்லாம் பவுண்டும் அடியும் காலனும். புதிதாக வந்த நம்மவர்கள் தடுமாறினார்கள். எனக்கோ இரண்டு பக்கமும் தண்ணீர்பட்ட பாடு. பள்ளிக்கூடத்தில் படித்தது பவுண்டு என்கிற ராத்தல், உத்தியோகத்தில் பழகியது கிலோ. இந்த ஊரில் இருக்கும் நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் எனக்குத்தான் போன் போடுவார்கள். கால் கிலோ வெண்ணெய்க்கு எத்தனை அவுன்ஸ், ஆறு கெஜம் புடவைக்கு எத்தனை மீட்டர் ஃபால்ஸ் என்று கேட்பார்கள். போனை வைத்ததும் எனக்கு உடம்பு லேசாகிவிடும்.

ஜோசப்பை வரவழைக்க விண்ணப்பம் போட்டதும் நான்தான். அவன் பாஸ்போர்ட்டில் உயரம் சென்டிமீட்டரில் இருந்தது. இங்கே ஒரு விண்ணப்பம் அடி அங்குலத்தில் கேட்டது. நான் அரை அங்குலம், கால் அங்குலம் என்று சுத்தமாக மாற்றி எழுதினேன். அந்தக் கட்டத்தில் முழு அங்குலம்தான் எழுத வேண்டுமாம். பின்னத்தை விட்டுவிட்டுப் படித்ததில் உயரம் ஒத்துப்போகாமல், இரண்டு காகிதத்திலும் இருப்பது ஒரே ஆள்தானா என்று கேட்டு எழுதிவிட்டார்கள். விளக்கம் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி அனுப்பி, மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. வந்து இறங்கியவன் விமான நிலையத்திலேயே, "என் ஒசரத்துக்கு இன்னா மாமா, சுமாரா அஞ்சே முக்கால் அடின்னு எழுதியிருக்கலாமே" என்றான். நெடுநாள் கழித்துப் பார்க்கிறோமே என்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டேன்.

அவன் எதையும் மாற்றிப் பார்ப்பதே இல்லை. ரேடியோவில் இருபது டிகிரி என்றால் சட்டையோடு கிளம்பிவிடுவான். எனக்கு இன்னும் நம் ஊர் வெயில் நூறு டிகிரி ஃபாரன்ஹீட்தான். இருபது என்று கேட்டதும் உடம்பு நடுங்கி, கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தில் வேர்த்து வடிந்து நிற்பேன். முப்பத்திரண்டைக் கூட்டிக் கழிப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ரீட்டாவை என்ன செய்வது? பள்ளிக்கூடத்தில் அவர்களுக்கு மீட்டர் மட்டும்தான். ஒருநாள் கதவோரம் நிறுத்தி உயரம் குறித்து, நாலடி இரண்டங்குலம் என்றேன். அப்படியென்றால் எவ்வளவு என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் அங்குலமாக்கிப் பெருக்க ஆரம்பித்தேன். அதற்குள் ஜோசப் ஒரு டேப்பை எடுத்துவந்து வைத்தான், படித்தான், நூற்று இருபத்தேழு என்றான். நானும் அதே எண்ணைத்தான் சொல்ல வந்தேன். அதைக் கேட்க அவள் அங்கே இல்லை, அவன் முதுகில் ஏறியிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசாத பெண் அவனிடம் மட்டும், "இன்னா மாமா, வர்றியா?" என்று காலாப்பட்டுத் தமிழ் பேசுகிறாள். நானும் அவளிடம் தமிழில்தான் பேசுகிறேன். பதில் இங்கிலீஷில் வருகிறது.

4

நான் வேலை செய்வது ஒரு ஊறுகாய்த் தொழிற்சாலையில். உடனே நாக்கில் எச்சில் ஊற வேண்டாம். மிளகாய் கிடையாது, நல்லெண்ணெய் கிடையாது. வெள்ளரிப் பிஞ்சை உப்புத் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, அதை ஊறுகாய் என்கிறார்கள். உப்பு நிலத்துக்கு அடியில் சுரங்கத்திலிருந்து வருகிறது. மரக்காணத்தில் அள்ளுகிற நேரத்தில் ஒரு மழை பெய்தால் போச்சு, பாத்தியோடு கரைந்துவிடும். இந்தச் சுரங்கத்து உப்புக்கு அந்தப் பயமே இல்லை. ஜடப்பொருள்மேல் பொறாமைப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

உப்பு அறை என் பொறுப்பு. ஒரு சின்னத் தொட்டிக்குப் பத்து காலன் தண்ணீர், ஐந்து பவுண்டு உப்பு. எடை போட்டுக் கலவை அறைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவேன். என் சிபாரிசில் ஜோசப்பும் அங்கேயே மூட்டை ஏற்றும் வேலையில் சேர்ந்தான்.

சாலைப் பலகை மாறிய கையோடு தொழிற்சாலையும் மாற வேண்டும் என்று முடிவானது. மெட்ரிக் வேலைக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும். அவருக்குத் தனி மேஜை, போட்டுக்கொள்ள வெள்ளைக் கோட்டு. மேனேஜர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர், அதிகம் பேசமாட்டார். விருப்பமுள்ளவர்கள் ஒரு தொட்டிக்கான அளவைக் கிலோவிலும் லிட்டரிலும் எழுதித் தரலாம் என்றார். என் வாழ்க்கையில் நான் எதற்காகப் பிறந்தேன் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. ஒரு தேசமே மணங்கிலிருந்து கிலோவுக்கு மாறியதை மேஜையில் உட்கார்ந்து பார்த்தவன் இந்த ஊரிலேயே நான் ஒருவன்தான்.

நாற்பத்தைந்து புள்ளி நாலு ஆறு லிட்டர் தண்ணீர், இரண்டு புள்ளி இரண்டு ஆறு எட்டு கிலோ உப்பு என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். ஜோசப்பும் எழுதிக் கொடுத்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. நாற்பத்தைந்து லிட்டர் தண்ணீர், இரண்டேகால் கிலோ உப்பு. அவ்வளவுதான்.

வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள்.

என் கணக்கில் பிசகே இல்லை என்று மேனேஜர் கையைக் குலுக்கினார். ஆனால் கலவை அறையில் நிற்கிற யாராலும் முள்ளை அந்த எட்டில் கொண்டுபோய் நிறுத்த முடியாது என்றார். உப்பு எடை போடுவதையும் இனிமேல் கலவை அறையிலேயே செய்துகொள்வார்களாம். எண்ணிக்கையில் கெட்டிக்காரன் என்பதால் என்னை வாசலுக்கு மாற்றினார்கள், வருகிற லாரிகளில் மூட்டை எண்ணுவதற்கு.

"நம்ம வூட்டுக்குத்தானே வந்துச்சு. யாருக்கு வந்தா இன்னாங்க?" என்றாள் புஷ்பம். அவள் தம்பியின் வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னாள்.

எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த பல நாட்களும் இறங்கவில்லை. காரில் அவன் கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வருவான். கண்ணாடியில் ஒட்டிய கிலோமீட்டர் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு நான் ஓட்டுவேன்.

5

நவம்பரில் மேனேஜர் ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்தார். இன்னொன்றைத் திறந்தார். சப்பென்று இருக்கிறது என்றார். கடைக்காரர்கள் சிலரும் அதையே சொன்னார்களாம். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது அவர்கள் பாஷையில் எப்படியோ தெரியாது, முகத்தில் அதுதான் எழுதியிருந்தது.

எல்லோர் கண்ணும் ஜோசப்பின் இரண்டேகால் கிலோமேல் விழுந்தது. விட்டுப்போன பதினெட்டு கிராம்தான் காரணம் என்று நான் வாசலில் நின்றபடியே நாலு பேரிடம் சொன்னேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை, பசி அப்படி இருந்தது.

மேனேஜர் என்னைக் கலவை அறைக்குக் கூப்பிட்டார். என் அளவுப்படி நானே ஒரு தொட்டி போட்டுக் காட்ட வேண்டும். சரியாக வந்தால் பொறுப்பு என்னுடையது என்றார். ஜோசப் சுவரோரம் கைகட்டி நின்றான். தண்ணீரைப் புள்ளி பிசகாமல் அளந்தேன். வாளியில் உப்பைப் போட்டு, எடுத்து, போட்டு, முள்ளை நான் எழுதிய இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். மேனேஜர் குனிந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு, கரண்டி எடுக்கத் திரும்பினார். நான் வாளியைத் தொட்டியில் கவிழ்த்தேன். என் வலது கை சாக்குக்குள் போய் ஒரு பிடி உப்பை அள்ளித் தொட்டியில் போட்டது.

கை தானாகப் போனது. உங்களில் உப்பளத்தில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. உப்புக்குத் தராசு நேராக நிற்கக் கூடாது. எடை சரியானதும் மேலே ஒரு பிடி விழ வேண்டும், தட்டு தாழ வேண்டும். உப்பு போகிற வழியில் கசிந்து குறையும் என்று அதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். நியாயம் இல்லாவிட்டாலும் போடுவார்கள். புள்ளிக்குப் பின்னால் மூன்று எண் எழுதிய நான், அந்தப் பிடியை மட்டும் மணங்குக் கணக்கிலும் எழுதியதில்லை, குவிண்டால் கணக்கிலும் எழுதியதில்லை. அது கணக்கில் சேர்த்தி இல்லை. இங்கே உப்பு அறையில் இருந்த வருஷமெல்லாம் ஒவ்வொரு தொட்டிக்கும் போட்டிருக்கிறேன் என்பது, உள்ளங்கையில் ஒட்டியிருந்த உப்புக்கல்லைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. என்னை வாசலுக்கு அனுப்பினார்கள், பிடி நின்றுபோனது, ஊறுகாய் சப்பென்று ஆயிற்று.

மேனேஜர் கலக்கி, ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். இதுதான் பழைய ருசி என்றார். சரியான எண்ணுக்கு மாற்று இல்லை என்று என் தோளில் தட்டினார். திங்கட்கிழமை முதல் கோட்டு எனக்கு.

நான் ஜோசப்பைப் பார்த்தேன். அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

6

வீட்டில் சாப்பாட்டு மேஜையில் அவனே செய்தியைச் சொன்னான். மாமா கணக்குதான் சரி, நான் சுமாராப் போட்டது தப்பாப் போச்சு என்று அக்காவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். ரீட்டா ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து எத்தனையோ நாளாயிற்று. அதை அனுபவிக்க விடாமல் உள்ளே ஏதோ அரித்தது.

சாப்பிட்டதும் அவனைக் காருக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டேன்.

"டேய், நான் கையப் போட்டத நீ பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"நீங்க ரொம்ப நாளா ஆசப்பட்டுக்கினு இருந்தீங்க. இருக்கட்டும் வுடுங்க."

அவன் அலட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மேனேஜரிடம் போட்டுக் கொடுத்திருந்தால் சந்தோஷமாகச் சண்டை போட்டிருப்பேன். இவன் விட்டுக்கொடுத்துவிட்டான். வேலையும் அவனுக்குத் தெரிகிறது, என் மகளும் அவன் பின்னால் போகிறாள், இப்போது பெரிய மனுஷன் என்கிற பட்டத்தையும் அவனே வாங்கிக்கொண்டு போவதா? அவன் கழற்றிக் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, அவன் வாய்மூடியிருப்பதற்கு வாழ்நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டு நான் உட்கார வேண்டுமா? நேர்மை, மனசாட்சி என்று நீங்கள் நல்லபடியாக நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உண்மையில் என்னைக் கிளப்பியது வயிற்றெரிச்சல்.

திங்கட்கிழமை காலையில் கோட்டை வாங்காமல் மேனேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. அள்ளிக் காட்டினேன். புரிந்ததும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அந்தப் பிடி எவ்வளவு என்று பார்த்துவிடுவோம் என்று தராசைக் காட்டினார்.

கணக்கே இல்லாத ஒன்றை நாலு பேர் பார்க்க எடை போடச் சொன்னால் கை கூசுகிறது. ஒரு தடவை தொண்ணூறு கிராம் வந்தது, ஒரு தடவை நூற்றுப் பதினைந்து. எதை எழுதுவது என்று மேனேஜர் கேட்டார். நான் எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட ஆரம்பித்தேன்.

"நூறுன்னு வெச்சுக்கலாமே மாமா" என்றான் ஜோசப்.

என் கையையும் சுமாராக்கிவிட்டான். இரண்டேகால் கிலோவோடு நூறு கிராம் சேர்த்து, இரண்டு கிலோ முந்நூற்றைம்பது என்று எழுதிச் சுவரில் மாட்டினார்கள். கலவை அறையில் ஒரு போர்த்துகீசியப் பெண் அதைப் பார்த்து ஒரு தொட்டி போட்டாள். மேனேஜர் எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தார். உப்பு சரியாக இருந்தது. கோட்டு ஜோசப்பிடமே இருந்தது, நான் வாசலுக்குப் போய் மூட்டை எண்ணினேன்.

7

ஜோசப் இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது நான் சொல்வதைவிட நன்றாகச் சொன்னான். ரீட்டாவுக்குக் கதை பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், புஷ்பம் வாங்கியிருந்த புது சமையல் தராசைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்தாள். உப்பு ஜாடியும் வந்தது. சிந்தாதீங்க, உப்பைக் கால்ல மிதிக்கக் கூடாது என்று புஷ்பம் அடியில் செய்தித்தாளை விரித்தாள்.

முதலில் நான் அள்ளினேன். நூற்றைந்து. ரீட்டா வியந்து என் கையை விரித்து விரித்துப் பார்த்தாள். "டாடி கை நூறு கிராம்" என்று தமிழில் சொன்னாள், என்னிடமே சொன்னாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு உலகத்தில் யார்மேலும் பொறாமை இல்லை.

அடுத்து மாமாவின் கை என்றாள். ஜோசப் ஜாடிக்குள் கைவிட்டான். அவன் உள்ளங்கை அகலம், விரல்கள் நீளம். எடுத்துத் தராசில் போட்டான். தொண்ணூறு.

"பாத்தியா ரீட்டா, அப்பாதான் ஜெயிச்சாரு" என்றான்.

அவன் விரலைத் தளர்த்திப் பிடித்ததை நான் பார்த்துவிட்டேன். ஜாடியிலிருந்து தராசுக்கு வருவதற்குள் இடுக்கில் உப்பு வழிந்துகொண்டே வந்தது. செய்தித்தாளில் ஒரு கோடே விழுந்திருந்தது.

"டேய், ஒழுங்கா அள்ளுடா" என்றேன்.

"அள்ளினேனே மாமா."

"முழுசா அள்ளு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். தன் அக்கா முகத்தைப் பார்த்தான். தராசைத் தட்டிச் சுத்தம் செய்து நானே அவன் முன்னால் நகர்த்தி வைத்தேன். இந்தத் தடவை ஜாடியின் அடிவரை கையை விட்டு, விரலை இறுக்கி, குவித்து எடுத்துப் போட்டான். முள் நூறைத் தாண்டியது, என் நூற்றைந்தைத் தாண்டியது, நூற்று முப்பதுக்கும் மேலே போய் நின்றது. ரீட்டா கைதட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது. எரியட்டும், அவன் விட்டுக்கொடுத்து நான் ஜெயிப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.